கேக் தண்டனை விதித்த டாக்டர் ரன்வெய் ஸ்டோர்லிக்கு

நார்வே நாட்டுத் துரோம்சோ நகர் மகளிரின் துயர் துடைத்த துணையே! கருப்பைப் புற்றைக் கண்டுபிடிப்பதில் கழுகுக் கண்ணே! கடுகடுத்த முகத்துக்குள் கனிந்த நெஞ்சே! முப்பது ஆண்டுகள் எங்களை முறைத்தே வளர்த்த மேன்மையே! வணக்கம். வாழ்த்து. பணி ஓய்வு பெற்று எங்களை விட்டுப் போவதால் கொஞ்சம் கோபமும்!

தவறு செய்தவர் கேக் சுட்டு வரவேண்டும் என்பது நம் அலுவலகங்களின் வழக்கம். அதையும் தாங்கள் மருத்துவமாக்கினீர்கள். மாதவிடாய் தாறுமாறாகி வரும் இளம்பெண்ணைப் பார்த்து, "சின்ன வயசுதானே, புத்துநோயெல்லாம் இருக்காது" என்று எவர் வாய் திறந்தாலும், "சரி, வெள்ளிக்கிழமை கேக் உங்களுது. இப்போ திசு எடுத்து அனுப்புங்க" என்பீர்கள். எங்களில் கேக் சுடாதவர் எவருமில்லை. அவற்றுள் சிலவற்றைத் தவிடு என்று தாங்கள் தள்ளிவைத்ததையும் மறக்கவில்லை.

படகில் கயிறு வீசும் வேலை பார்க்கும் யோருன் நம்மிடம் வந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. திசுவில் புற்று இருந்தது. கருப்பையை எடுத்துவிடுவதே வழக்கமான சிகிச்சை. "என் கதை முடிஞ்சுது டாக்டர். நான் அம்மாவாகவே மாட்டேன்" என்று அழுதார். நோய் கருப்பையின் உட்படலத்தைத் தாண்டவில்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு தாங்கள் சொன்னீர்கள்: "முடிஞ்சுதா இல்லையான்னு நான் சொல்றேன். ஹார்மோன் மருந்து குடுத்துப் பார்ப்போம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சோதனை. அடங்கலைன்னா ஆபரேஷன். அப்போ மல்லுக்கு நிக்கக் கூடாது."

முதல் சோதனையில் நோய் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. தாங்களே மனம் தளர்ந்து, "இனி அடங்காது" என்று அறுவைக்கு நாள் குறித்தீர்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை டாக்டர்" என்று யோருன் கெஞ்ச, நோய் வளரவில்லை என்பதால் இசைந்தீர்கள்.

மூன்றாவதில் சுத்தம்! அந்த வெள்ளிக்கிழமை கேக்கோடு வந்தவர் தாங்கள். நடுவில் குழிந்த கேக். மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கண்ணைத் துடைத்ததை நாங்கள் பார்த்துவிட்டோம், டாக்டர்.

மகள் தூவா பிறந்த பின், நோய் மீளாதிருக்க, தாங்கள் சொன்னபடி யோருன் கருப்பையை அகற்றிக்கொண்டார். மல்லுக்கு நிற்கவில்லை.

தங்கள் முழங்கால் வலி தீர்ந்து, பனிச்சறுக்கு வாய்த்து, பேரின்பமாய்ப் பல்லாண்டு வாழ்க! இன்றைய கேக்கை எங்களில் யாரும் சுடவில்லை. காலையில் ஐந்து வயது தூவாவின் கையைப் பிடித்துக்கொண்டு யோருன் கொண்டுவந்தார். "நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டோம்.

"அம்மாவாகவே மாட்டேன்னு சொன்னேனே!" என்றார்.

அன்பு மாறாத,
மகளிர் புற்றுநோய்ப் பிரிவினர்