கழற்றிப் போட்ட பிளேடுகள்

— இப்ப உள்ள போக வேண்டாமுங்ணா. இப்பத்தான் கண்ணசந்தாரு.

— ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்தர்றேன் சித்ரா. தங்கச்சி புருசன் ஆஸ்பத்திரில கெடக்கறப்ப நான் வெளிய நின்னுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?

— கட்டுப் போட்ட கையப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க? மூணு வெரலு போயிருச்சுங்ணா.

— மில்லுல கரண்டு எடுக்கற டர்பைன் ஒடஞ்சதுக்கு மாப்பிள்ளை என்ன பண்ணுவாரு? மேனேஜரு கேட்டதும், நாந்தான் சரியாப் பார்க்காம ஓட்டிட்டேன்னு சொல்லிட்டாராமா. வேலையும் போச்சு, மானமும் போச்சு. வக்கீலக் கூட்டிட்டு வர்றேன், மாத்திச் சொல்லச் சொல்லு.

— வக்கீலு இருக்கட்டுங்ணா. போன வருசம் அந்த டர்பைன்ல கழட்டுன பழைய பிளேடெல்லாம் உங்க ஸ்கிராப் குடோனுக்குத்தான வந்துச்சு?

— ஆமா. மாப்பிள்ளை சொல்லித்தான மில்லுக்காரங்க எனக்குக் குடுத்தாங்க.

— ‘எங்க மச்சான் துண்டு துண்டா வெட்டி உருக்கக் குடுத்துருவாரு’ன்னு மில்லுல சொல்லி இவரு வாங்கிக் குடுத்தாரு. வெட்டுனீங்களா?

— அது சாதா இரும்பில்ல அம்மிணி. நிக்கலு, கோபால்ட்டெல்லாம் கலந்தது. உருக்கறவங்க கிட்டக் குடுத்தாலே நல்ல வெல.

— வெட்டுனீங்களான்னு கேட்டேன்.

— கோயமுத்தூர்ல இருந்து ஒரு புரோக்கர் வந்தான். வெட்டாம முழுசாக் குடுங்க, மேல போட்டுத் தர்றேன்னான். எதுக்குன்னு நான் கேக்கல.

— ஏனுங்ணா கேக்கல?

— கேட்டிருந்தா குடுத்திருக்க முடியாது. பாலீஷ் போட்டுப் புதுசுன்னு விப்பான்னு எனக்குத் தெரியும். எங்கியோ வடக்க கொண்டு போயிருவான்னு நெனச்சுக்கிட்டேன்.

— அந்த மாதிரி டர்பைன் இந்தப் பக்கம் வேற எந்த மில்லுல இருக்குது?

— என்ன சொல்றே? அதே மில்லுக்கா?

— புதுசுன்னு டப்பால வந்துச்சுங்ணா. மாட்டுனதே இவருதான். ஓடிட்டிருக்கறப்பவே பிச்சுக்கிட்டு வந்து கையில அடிச்சிருக்குது.

— உன் மூஞ்சியப் பார்க்க முடியல அம்மிணி. என்னைய என்ன வேணாலும் பேசு. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம். உன் காலுல வேணா விழறேன்.

— ஒடஞ்ச துண்டுல, உங்களுக்குக் குடுத்த பிளேடோட பழைய நம்பரு பாதி அழியாம இருந்துச்சுங்ணா. அதை நல்ல கையில எடுத்து மறச்சு வச்சுட்டுத்தான், தப்பு என்னோடதுன்னு மேனேஜர்கிட்டச் சொன்னாரு.