நாற்பதாவது முட்டை

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று யார் சொன்னது? இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை, உச்சிவெயில், மணி இரண்டு. ஆய்வுக்கூடத்துக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை... என் சிநேகிதனின் சித்தி மகள் மட்டும் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தாள்.

உயிர்மருத்துவப் பொறியியல் மாணவி. தோழிகள் வைத்த பெயர் முட்டைக்காரி. கோழி முட்டை ஓட்டில் சன்னல் வெட்டி, உள்ளே கருவின் கடுகளவு இதயத்தில் நூலால் முடிச்சுப் போடுவாள். சில குழந்தைகள் ஏன் குறையுள்ள இதயத்தோடு பிறக்கின்றன என்று அதில் தெரியவருமாம். முடிச்சோடு ஒரு இதயமாவது துடிக்க வேண்டும். இரண்டு வருஷமாக ஒன்றும் துடிக்கவில்லை.

"திங்கக்கிழமை காட்டு. இல்லன்னா இன்னொரு வருஷம் உக்காரு," என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஓய்வுபெறப்போகிற வயது, சிடுமூஞ்சி மனிதர். சொன்னால் சொன்னதுதான்.

அடைகாக்கும் பெட்டியில் மிச்சம் இருந்தது நாற்பது முட்டை. ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்தாள். பத்து... இருபது... முப்பத்தொன்பது. எதிலும் அசைவில்லை. அறை முழுக்க ஸ்பிரிட் வாடையும் பச்சை முட்டைக் கவிச்சியும். நாற்பதாவதும் அப்படியே கிடந்தது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சனியனே, துடிச்சுத் தொலையேன்."

துடித்தது.

உடனே படம் பிடித்தாள். அங்கே ஒரு விதி உண்டு. வேலை முடிந்த முட்டையை ஃப்ரீசரில் வைத்து, இதயம் நின்ற நேரத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். வைத்தாள். ஆறு மணிக்கு எடுத்தாள்... முட்டை உறைந்து கல்லாகிவிட்டது. இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பேராசிரியர் வந்தார். லென்ஸில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"நின்ன நேரம் எழுதலையே?"

"நிக்கவே இல்ல சார். நீங்களே பாக்குறீங்களே."

"பாக்குறேன். ஆனா நேரம் இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன். நிக்கட்டும், காத்திருக்கேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். ஒரு மணி நேரம்... இரண்டு... மூன்று. துடிக்க மாட்டேன் என்று இரண்டு வருஷம் உயிரை வாங்கியது, இப்போது நிற்க மாட்டேன் என்கிறது. ஃப்ரீசர் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே பல்லைக் கடித்தாள்.

"போதும். நின்னு தொலை."

பின்னால்... டக்கென்று பேனா விழுந்த சத்தம்.

திரும்பினாள். பேராசிரியர் உட்கார்ந்தபடியே இருந்தார். கண் திறந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை. மார்பில் காதை வைத்தாள்... ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, மறுபடி லென்ஸில் குனிந்தாள்.

கோழிக் கருவின் இதயம் நிமிஷத்துக்கு நூற்றைம்பது தடவையாவது துடிக்கும். அவள் எண்ணினாள்... எழுபத்திரண்டு. நடுநடுவே ஒவ்வொரு துடிப்பு தவறியது, வயதானவர்களுக்குத் தவறுமே... அப்படி.