தோள்ல ஒரு கை

சரி... பிரசங்கத்தை ஓரமா வெச்சுட்டு ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? கண்ணை மூடிக்கிட்டே கேக்கலாம். தூங்கிட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன். ஏன்னு கடைசியில தெரியும்.

கடலோரத்துல ஒரு சின்ன சபை. அங்க செல்லக்கனின்னு ஒரு அம்மா. காலையில ஆப்பக் கடை, மத்தியானம் தையல், சாயங்காலம் சபை வேலை. "செத்த உக்காருங்கக்கா"ன்னா, "நான் உக்காந்தா யாரு பாப்பா?"ம்பாங்க. என்னம்மா சிரிக்கிறீங்க? குக்கர் விசிலை எண்ணிக்கிட்டே ஜெபம் பண்றவங்கதானே நாம!

அந்தச் சபையில சங்கிலி ஜெபம். தெரியும்ல? ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு முழங்கால்ல இருக்கணும்... அடுத்தவர் வந்து தோளைத் தொடணும். தொட்டாத்தான் எழுந்திரிக்கலாம். நடுவுல விட்டா சங்கிலி அறுந்துச்சு! செல்லக்கனியம்மா அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தாங்க.

அன்னைக்கு அவங்க மக பெர்சிசுக்குப் பிரசவ வலி. தலைப்பிரசவம். குழந்தை குறுக்க கிடக்குன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில மருமகன் நிக்கிறாரு. அம்மாவும் அங்கதான இருக்கணும்? ஆனா மத்தியான முறை இவங்களது! "நான் விட்டுட்டா எம் மகளுக்கு ஏதாவது ஆயிருமே..." ராத்திரி பூரா மகளோட முழிச்ச கண்ணோட ஓடி வந்து முழங்கால் போட்டாங்க.

முந்தின முறைக்காரங்க எழுந்து போயாச்சு, கோயில்ல வேற யாருமில்ல. ஃபேன் மெதுவா சுத்துது... கலர் கண்ணாடி வழியா வெயில் நீலமா, மஞ்சளா தரையில விழுது... தூரத்துல அலைச் சத்தம். "ஆண்டவரே, எம் மக... ஆண்டவரே, எம் மக..." அப்புறம் "ஆண்டவரே..." அப்புறம் அதுவுமில்ல.

தோள்ல ஒரு கை... மெதுவா. 'அப்பாடா, ஆள் வந்தாச்சு'ன்னு நெஞ்சு லேசாச்சு. எழுந்திரிக்கணும்னு நெனச்சாங்க... முடியல. அந்தக் கை எடுக்கவே இல்ல. அப்படியே சாஞ்சுட்டாங்க.

கண்ணைத் தொறந்தா... வெயில் செவுத்துக்கு ஏறிடுச்சு. பக்கத்துல அடுத்த முறைக்காரரு, ஆட்டோ ஓட்டுற அருமைநாயகம், முழங்கால்ல இருக்காரு. அவ்வளவுதான், அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஐயோ, தூங்கிட்டேனே! பெத்த மகளுக்காவ ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியல... நானெல்லாம் ஒரு தாயா?"

"யக்கா, அழாதிய. நீங்க போன் எடுக்கலைன்னு மருமகன் எனக்கு அடிச்சாரு. பொம்பளப் பிள்ள! தாயும் பிள்ளையும் சொகமா இருக்காவ."

"எப்பம்யா பொறந்துச்சு?"

"நான் இங்க வாறதுக்கு முன்னாலயே பொறந்துட்டுதாம்."

"அப்பம் நீ தோளைத் தொட்டது..."

"நானா? தொடவே இல்லக்கா. வந்து பாத்தேன், பச்சப்பிள்ள மாதிரி தூங்குனிய. எழுப்ப மனசு வரல."

"வேற யாரு வந்தா?"

"வேற யாரும் வரலையேக்கா..."

அன்பானவங்களே, இப்ப சொல்லுங்க. அம்மாவும் தூங்கியாச்சு, அடுத்த ஆளும் இன்னும் வந்து சேரல. சங்கிலி அறுந்து கிடந்த அந்த நேரத்துல... அதைப் பிடிச்சுக்கிட்டிருந்தது யாரு?

ஐயையோ, அப்ப ஜெபமே வேண்டாம்னு அய்யா சொல்லிட்டாருன்னு கிளம்பிடாதீங்க! முழங்கால் போடுங்க. ஆனா குடும்பமே எங் கையிலதான் தொங்குதுன்னு நெனச்சுக்கிட்டுப் போடாதீங்க. பாரத்தோட வா, இளைப்பாறலாம்னுதானே இயேசு கூப்பிட்டாரு? எல்லா வேலையையும் முடிச்சுட்டு வான்னா கூப்பிட்டாரு?

நான் உக்காந்தா யாரு பாப்பான்னு கேக்குறீங்கல்ல... இப்ப ஒரு நிமிஷம் யாரும் பாட வேண்டாம், பேச வேண்டாம். அப்படியே கண்ணை மூடுங்க... "உன் முறை முடிஞ்சுது மகளே... உன் முறை முடிஞ்சுது மகனே... இனி நான் பாத்துக்கிறேன்." அந்தக் கை உங்க தோள்ல விழுந்தா... தயவுசெஞ்சு எழுந்திரிக்காதீங்க.