பூநாரைகள் யார் பக்கம்

— ராணியா, நானா? கிண்டலை நிறுத்துங்க அண்ணி. இன்னிக்கும் ஏரியைச் சுத்திட்டு இப்பத்தான் வந்தேன். சேத்துல ஊறின பூட்ஸைக் கழுவிட்டு நிக்கிறேன்.

— நீதான் ராணி. எந்த உயிரும் குறைய விடமாட்டோம்னு எல்லா நாடும் கையெழுத்துப் போட்டிருக்கே, அந்தக் கணக்குல உங்க நாட்டுக்குத்தான் இந்த வருஷம் பச்சை மார்க்கு விழப்போகுது.

— ஆரம்பிச்சிட்டீங்களா. எங்க அண்ணனும் இப்படித்தான், தன் தட்டுல இருக்கிறதை மறைச்சுக்கிட்டு அடுத்தவங்க தட்டை எட்டிப் பார்ப்பாரு. உங்களையும் நல்லாக் கெடுத்து வச்சிருக்காரு.

— என்னைக் கெடுக்கிற அளவுக்கு உங்க அண்ணனுக்குச் சாமர்த்தியம் ஏது கண்ணு. சரி, ஒரு உதவி. உங்க ஏரியில பூநாரை எவ்வளவுன்னு மட்டும் சொல்லிடு. நாளைக்கு எங்க நாட்டு அறிக்கையை அனுப்பணும்.

— அதானே பார்த்தேன், நாத்தனாருக்குச் சும்மா போன் வருமான்னு. எங்க அண்ணனை எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போனது போதாதா, எங்க எண்ணிக்கையும் வேணுமா?

— அவரை வேணா திருப்பி அனுப்பிடறேன், எண்ணிக்கையைக் கொடு.

— ஐயோ வேண்டாம், அவரை நீங்களே வச்சுக்குங்க. முதல்ல உங்க எண்ணிக்கையைச் சொல்லுங்க.

— நான் பெரியவ. நீதான் முதல்ல சொல்லணும்.

— பெரியவங்கதான் விட்டுக்கொடுக்கணும். அது என்ன கடகடன்னு சத்தம்?

— ஆபீஸ் பிரிண்டர். வரைபடத்தைக் கொடுத்தா மென்னு துப்புது. நீ பேச்சை மாத்தாதே.

— நான் எங்க மாத்தினேன்? போன வருஷம் ஏரியே ரோஸ் கலரா இருக்குன்னு படம் அனுப்பி என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டது யாரு?

— அது போன வருஷம்மா.

— இந்த வருஷம் இன்னும் நிறையவா?

— உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஒண்ணுகூட வரலை, கண்ணு.

— விளையாடாதீங்க அண்ணி.

— சத்தியமா. விடிஞ்சதும் பைனாகுலரோட போய் நிப்பேன். தண்ணி இருக்கு, சேறு இருக்கு, அதுங்க மட்டும் இல்லை. ஒரு நாள் கரையில உக்காந்து அழுதுகூட இருக்கேன். உங்க அண்ணன்தான் தேத்தினாரு. எங்க போயிருக்கும், இங்க பிடிக்கலைன்னா என் தங்கச்சி ஏரிக்குத்தானே போகும், முன்னாடியும் அங்க போயிருக்குதேன்னு. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

— ம்.

— குறைஞ்சு போச்சுன்னு எழுதினா சிவப்பு. சிவப்பு விழுந்தா, பறவை வராத ஏரிக்குக் காவல் எதுக்குன்னு துறைமுகத்துக்குத் தாரை வார்த்துடுவாங்க. எங்க மேலதிகாரி பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதான், குறையலை, பக்கத்து நாட்டு ஏரிக்கு இடம் மாறியிருக்குன்னு எழுதப்போறேன். மஞ்சளோட தப்பிச்சிடுவோம். ஆனா பக்கத்துல உன் எண்ணிக்கை இருந்தாத்தான் நம்புவாங்க.

— அண்ணி...

— அடுத்த வருஷம் ஒழுங்கா எங்களுக்குத் திருப்பி அனுப்பிடணும், ஆமா. உன் ஏரிக்கரையில என்ன சொக்குப்பொடி தூவி வச்சிருக்கியோ.

— அண்ணி, ஒரு நிமிஷம்.

— என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? பொறாமையில பேசறேன்னு நினைச்சிட்டியா? அட, எங்க இருந்தாலும் அதுங்க நல்லா இருந்தாச் சரி. மார்க்கை நீயே வாங்கிக்கோ. எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லு, காது குளிரக் கேட்டுட்டு வச்சிடறேன்.

— நாங்க நேத்தே அறிக்கை அனுப்பிட்டோம் அண்ணி. எங்க பூநாரை எல்லாம் உங்க ஏரிக்கு வந்திருக்குன்னு எழுதி.