சீப்பு இல்லாத பாதம்

எனக்குப் பொடிச் சர்க்கரையின் வாசனை பிடிக்கும். எங்கள் தேனீ வளர்ப்பு வகுப்பில் மாலை முழுவதும் அதுதான் வீசும். ஒரு கைப்பிடித் தேனீயை ஜாடியில் போட்டு, சர்க்கரையைத் தூவிக் குலுக்கினால், அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சிற்றுயிர் தாளில் உதிரும். செம்பழுப்பாக, கடுகைவிடச் சின்னதாக. அதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது என் வேலை. சந்தேகம் தீராமல் நான் எதையும் சொல்லமாட்டேன் என்பதால் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

ஆறு காலும், பாதத்தில் சீப்புப் பற்களும் இருந்தால் அது ஈ. சிறகில்லாத ஈ. தேனீயின் முடியைப் பற்றிக்கொண்டு அதன் வாயிலிருந்தே உண்ணும். டாஸ்மேனியாவில் அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. எட்டுக் காலும் நண்டு போல அகன்ற உடலும் என்றால் கூட்டத்தையே அழிக்கும் உண்ணி. அது வந்தால் தேனீப் பெட்டிகளை எரிப்பார்கள்.

அன்று மேசையில், உதிர்ந்ததை ஒட்டிய இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்று வகுப்புக்கு வரும் நெரிடாவின் தேனீக்களுடையது, மற்றது என்னுடையது. அவளுடையதில் சீப்பு தெளிவாகத் தெரிந்தது. என்னுடையதில் எட்டுக் கால். என்மேலேயே சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினேன். எட்டுதான்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கோடையில், கடலுக்கு அந்தப் பக்கம் உண்ணி பரவியிருந்த பெருநிலத்திலிருந்து ஒரு ராணித் தேனீயைத் தீப்பெட்டியில் வைத்து, காலுறைக்குள் ஒளித்துக் கப்பலில் கொண்டுவந்தேன். துறைமுகத்தில் சோதனை நாய் என் ஆப்பிளைத்தான் மோப்பம் பிடித்தது.

"என்னடி ஐலா, கால எண்ணுறியா, இல்ல செருப்புக்கு அளவெடுக்குறியா?" என்று நெரிடா வாசலிலிருந்து கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி தகடுகளை இடம் மாற்றினேன்.

யோசித்துத்தான் செய்தேன். என்னிடம் இருந்தவை இரண்டு பெட்டிகள். அவளிடம் எண்பது. மறுபடி தொடங்கத் தெரிந்தவள் அவள். அவள் இடம் மலைக்கு அந்தப் பக்கம் என்பதால், உண்ணி கண்ட இடத்தைச் சுற்றித் தேனீ வளர்க்கக் கூடாது என்று போட்ட தடை வட்டம் என் வீடு வரை வரவில்லை. அதிகாரிகளான உங்கள் ஆய்வகமும் அதை உண்ணி என்றே உறுதி செய்தது. என் அடையாளத்தில் பிழை இல்லை.

அவள் பெட்டிகளை எரித்த அன்று நெரிடா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க பெட்டியில இருந்தது ஈதான். நீ பார்த்ததுக்குச் சீப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். அது உண்மைதானே. அதன்பிறகு கடையில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவாள். என் பின்னால் யாரிடமோ முணுமுணுப்பாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. தடை நீங்கியதும் என் பெட்டியைப் பிரித்து, அந்த ராணியோடு பாதிக் கூட்டத்தை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கலாமா என்று வெகுநேரம் நின்றாள். "உன்னப் போய் தப்பா நெனச்சேனே" என்று அழுதாள்.

நேற்று அவள் அதைக் குலுக்கிப் பார்த்திருப்பாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

என்னிடம் மிஞ்சியதை நானும் போன வாரம் குலுக்கினேன். தாள் முழுவதும் சிவப்பாக உதிர்ந்தது. நுண்ணோக்கியை வெளியே எடுக்கவில்லை. காலை எண்ணாமல் எதையும் சொல்வது என் வழக்கமில்லை. எண்ணும்வரை அவை ஈக்கள்தான்.