கமலா மிஸ்ஸி ஊசியை எடுத்த மத்தியானம்

வத்தேகம பஜாரில் ஒரு பேக்கரி. அதன் பின்னால் வீடு. ஒரு லொறி. மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன் நான். யார் தயவும் இல்லாமல் தேடிய சொத்து. எண்பத்து மூன்று, ஆடி மாதம், தமிழர்களைத் தாக்கிய கலவரம். பேக்கரியும் வீடும் எரிகின்றன. லொறி ஓடுகிறது.

கண்ணாடி வெடிக்கிற சத்தம். பிறகு கூரைத் தகரம் நெளிகிற சத்தம். பக்கத்தில் என் தம்பி மாரிமுத்து. கடைக் கண்ணாடி தொடையைக் கிழித்துவிட்டது. கட்டியிருந்த சாரம் முழுக்க இரத்தம்.

"நிப்பாட்டாதீங்க! சந்தியில நிக்கிறானுங்க!"

யார் கத்தியதோ தெரியாது. தோட்டத்துக் குறுக்கு ரோட்டில் விட்டேன். வழியில் பாக்கியத்தை ஏற்றினேன். ஹுன்னஸ்கிரியவிலிருந்து சந்தைக்கு வந்தவள், தேயிலை பறிக்கிற கொழுந்துக்காரி. தோளில் வெட்டு.

மலைப்பாதையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டொக்டர் கண்டியில் மாட்டிக்கொண்டார். ஊரடங்கு. நர்ஸ் வேலை பார்க்கிற மூன்று மிஸ்ஸிமார் இருந்தார்கள். பாக்கியத்தைக் கட்டிலில் போட்டதும் தட்டு வைத்தார்கள். கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி, நூல். ஒரு கோணல் இல்லை. வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள். தைப்பது டொக்டர் வேலையாம். பஞ்சை வைத்து அழுத்தினார்கள். சிவந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் சிவந்தது. பாக்கியம் செத்துப்போனாள். தட்டு வைத்தபடியே இருக்கிறது. கடையைக் கொளுத்தியவனைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

அடுத்த தட்டை மாரிமுத்துவுக்கு வைக்கிறார்கள். அதே ஒழுங்கு. அவன் உதடு வெளுத்துவிட்டது.

அவர்களில் கமலா மிஸ்ஸி எங்கள் தோட்டத்துப் பிள்ளை. அவளைத் தைக்கச் சொன்னேன். ஒருதடவை தானாகத் தையல் போட்டாளாம். வார்ட்டில் எல்லோருக்கும் முன்னால் டொக்டர் ஏசினாராம். அதிலிருந்து ஊசியைத் தொடுவதே இல்லையாம். அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை.

"டொக்டர் தைக்கிறப்ப சாமான் எடுத்துக் குடுக்கிறது யாரு?"

"நான்தான் மொதலாளி."

"எது வேணும்னு கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு. கையை நீட்டுறப்பவே வச்சிருவேன்."

"அப்ப அவருக்கு முந்தியே ஒனக்குத் தெரியுதுல்ல? இன்னைக்கு அதை ஒன் கையிலயே வச்சுக்க."

என்னை முறைத்தாள். கையைக் கழுவினாள். இடுக்கியை எடுத்தாள். இரத்தக் குழாய் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பிறகு பிடித்தாள்.

"லைட்ட இங்கிட்டு திருப்புங்க," என்றாள் மற்றவர்களிடம். அழுத குரல் இல்லை அது. "மொதலாளி, தள்ளி நில்லுங்க. மறைக்குது."

என்னைத் தள்ளி நிற்கச் சொன்னவர்கள் குறைவு. நின்றேன். தைத்து முடித்தாள்.

மறுநாள் டொக்டர் பொலிஸ் ஜீப்பில் வந்தார். கலவரம் அடங்கியபின் கூட்டம் வைத்தார்கள். உயிர் காத்த கைகள் என்று பேசி அவருக்கு மாலை போட்டார்கள். கமலா பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தூ.

போனவை: பேக்கரி. வீடு. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற லொறி, அதையும் அன்று மாலை கொளுத்தினார்கள். பாக்கியம். அவள் ஊசிக்காகக் காத்திருந்து போனாள்.

மாரிமுத்து பிழைத்தான். தைத்தது கமலா மிஸ்ஸி. தைக்க வைத்தது நான். அந்த ஆஸ்பத்திரியின் கதையை எழுதுகிறவர்கள் இரண்டு பெயரையும் எழுத வேண்டும். அவள் பெயர் முதலில் வரட்டும். என் பெயரை விடக்கூடாது.