பாலம் தாண்டிய வண்டி

இணையம் வழியாக இயங்கி, வரும் அழைப்பைத் தானே எடுத்துப் பதில் சொல்லும் தொலைபேசி இணைப்பகம் அமைப்பது பெரிய வேலை இல்லை, மேடம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் பி.எஸ்சி. இயற்பியல். படித்துப் பார்த்துச் செய்தேன்.

திருச்சி கே.கே. நகரில் எங்கள் கடை. வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்போம். முதலில் நான் அங்கே போன் எடுப்பவளாகத்தான் சேர்ந்தேன். தெரியாதவர்களிடம் போனில் பேசுவதென்றால் எனக்குப் பயம். மணி அடிக்கும்போது பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். இணைப்பகம் அமைத்துத் தருகிறேன் என்று நானே கேட்டது அதனால்தான். முதலாளி பெனடிக்ட் சார் சிரித்தார்.

"செய்ம்மா ஜாஸ்லின். ஆனா ஒரு கால் மிஸ் ஆச்சுன்னு வை, மறுபடி அந்தச் சேர்ல நீதான். முத்து உதிர்ந்துடும்னு பயப்படாம வாயைத் திறந்து பேசணும்."

வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். எல்லா வேலையிலும் ஒரு போன் இருக்கிறது, மேடம்.

யாரும் எடுக்காத அழைப்புகளுக்காக என் குரலைப் பதிந்துவைத்தேன். "வணக்கங்க. உங்க சிலிண்டர் வண்டி கிளம்பிடுச்சு. பதட்டப்படாதீங்க." ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர் மறுபடி அழைத்தால் அடுத்த பதிவு வரும். "வண்டி காவிரிப் பாலம் தாண்டிடுச்சுங்க." திரையில் எண்ணைப் பார்த்து டிரைவர் ஆசீர் அண்ணனுக்குச் செய்தி அனுப்பிவிடுவேன். அவரும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார். பல மாதம் இப்படித்தான் நடந்தது. கடைப் பெண் தன்மையாகப் பேசுகிறாள் என்று பாராட்டக்கூடச் செய்தார்கள்.

அன்று முசிறி பக்கம் வண்டி படுத்துவிட்டது. ஆசீர் அண்ணன் செய்தி அனுப்பினார்: "இன்னிக்கு வர முடியாது பாப்பா. ஸ்ரீரங்கத்துல யாராச்சும் கேட்டா வேற கடையில வாங்கிக்கச் சொல்லிடு."

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து மைத்ரேயி அம்மா அழைத்தார். பதிவு பேசியது. நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா. ஆத்துக்காரருக்கு மூச்சு முட்டறது. சித்த சீக்கிரம் வரச் சொல்லுங்கோ."

மறுபடி அழைத்தார்.

"பாலம் தாண்டியாச்சா? அப்பாடா. பக்கத்தாத்துல வேற கடை நம்பர் குடுத்தா. வேண்டாம்னுட்டேன். நீங்கதான் வந்துண்டிருக்கேளே."

எடுத்து, "வேறு இடத்தில் வாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அவர் ஏன் என்று கேட்பார். அழுவார். நான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அழைப்புக்கு என்னிடம் பதிவு இல்லை. அது வந்தால் என் மேசையில் மணி அடிக்கும். ஆகவே மைக்கை எடுத்துப் புதிதாக ஒன்று பதிந்தேன். முதல் தடவை குரல் கரகரத்தது. அழித்துவிட்டு மறுபடி பதிந்தேன். "வண்டி உங்க தெருவுக்குள்ள வந்துடுச்சுங்க. வாசலுக்கு வாங்க."

மூன்றாம் முறை அழைத்து அதைக் கேட்டதும் அவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். உள்ளே கணவர் வரது தனியாகக் கிடந்திருக்கிறார். இவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தம்மாவிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, மேடம். அதை மட்டும் வாக்குமூலத்தில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.